பெற்றோர் ஒன்று சொல்ல, பிள்ளை ஒன்று சொல்ல: வளரிளம் பருவத்து மனச் சிரமங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளியில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். எட்டாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை உள்ள பிள்ளைகளுக்கு ஒரு வினாத்தாள், அவர்களுடைய பெற்றோருக்கு அதே கேள்விகள் கொண்ட இன்னொரு தாள் என்று தனித்தனியாகக் கொடுத்து நிரப்பச் சொல்வோம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பல வீடுகளில் பொருந்தாது. அதைப் பார்த்ததும் அம்மா அப்பாக்களும் பிள்ளைகளும் கேட்கும் கேள்விகள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருப்பதால், கேட்டவர்களின் பேச்சிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

இது என்ன தாள் மேடம்? இதுல மார்க் உண்டா?

எஸ்.டி.க்யூ. என்று சுருக்கமாகச் சொல்வோம். பலங்களையும் சிரமங்களையும் பற்றிய வினாத்தாள். ராபர்ட் குட்மன் என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவர் 1997-இல் வெளியிட்டது. தமிழிலும் கிடைக்கிறது. மொத்தம் 25 வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் 'உண்மையில்லை', 'ஓரளவு உண்மை', 'நிச்சயமாக உண்மை' என்ற மூன்றில் ஒன்றைக் குறிக்க வேண்டும். கடந்த ஆறு மாதங்களை மனதில் வைத்துப் பதில் சொல்ல வேண்டும்.

25 வாக்கியங்களும் ஐந்தைந்தாக ஐந்து பகுதிகள்: மன உணர்வுகள், நடத்தை, துறுதுறுப்பும் கவனச் சிதறலும், சக வயதினரோடு உறவு, கடைசியாகப் பிறருக்கு உதவும் குணம். முதல் நான்கையும் கூட்டினால் 0 முதல் 40 வரை ஒரு எண் வரும். எண் கூடினால் சிரமம் கூடுதல். உதவும் குணத்தை இதில் சேர்ப்பதில்லை. இது பரீட்சை இல்லை, நோயைக் கண்டுபிடிக்கும் டெஸ்ட்டும் இல்லை. யாரிடம் இன்னும் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டும் என்று காட்டும், அவ்வளவுதான்.

பெத்தவ எனக்குத் தெரியாததா? அவளுக்கு எதுக்குத் தனித் தாள்?

நாலு வயதுப் பிள்ளைக்குப் பெற்றோர் தாளும் ஆசிரியர் தாளும் போதும். 11 வயதிலிருந்து பிள்ளையே நிரப்பும் தாளும் உண்டு. அந்த வயதில் பிள்ளையின் நாளில் பெரும்பகுதி உங்கள் கண்ணுக்கு வெளியே போய்விடுகிறது. பள்ளி, டியூஷன், பஸ், போன். அங்கே நடப்பது மட்டுமில்லை, உள்ளே நடப்பதும் உங்களுக்குத் தெரிய வாய்ப்பு குறைகிறது. இராத்திரி தூக்கம் வராமல் என்ன நினைத்துக்கொண்டு படுத்திருந்தாள் என்பதை அவளால் மட்டும்தான் எழுத முடியும்.

அதற்காக உங்கள் தாள் வீண் என்று எண்ண வேண்டாம். ஐந்து வயதிலிருந்து எப்படி இருந்தவள், இப்போது எப்படி மாறிவிட்டாள் என்பது அவளுக்கே தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

ரெண்டும் ஒத்துப்போகலைன்னா யாரோ ஒருத்தர் பொய் சொல்றாங்கன்னுதானே அர்த்தம்?

இல்லை. நான் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான், அதிகம் புண்படுத்தும் கேள்வியும் இதுதான். ஏனென்றால் பெரும்பாலும் இது பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே கேட்கப்படுகிறது.

1987-இல் தாமஸ் ஆக்கன்பாக்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் 119 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஒரே பிள்ளையைப் பற்றிப் பிள்ளையும் மற்றவர்களும் சொல்வது எவ்வளவு பொருந்துகிறது என்பதை ஓர் எண்ணாகச் சொன்னார்கள். முழுக்கப் பொருந்தினால் 1, தொடர்பே இல்லை என்றால் 0. வந்தது 0.22. 2015-இல் ஆண்ட்ரெஸ் டெ லோஸ் ரேயெஸ் குழு 341 ஆய்வுகளைத் தொகுத்தபோது, வெவ்வேறு ஆட்கள் தரும் தகவல்களுக்கு இடையே பொதுவாக வந்த எண் 0.28. இடையில் ஏறக்குறைய முப்பது வருடங்கள், எத்தனையோ நாடுகள், எத்தனையோ வினாத்தாள்கள். எண் பெரிதாக மாறவில்லை. இத்தனை குடும்பங்களும் பொய் சொல்லியிருக்க முடியாது. அவரவர் நின்ற இடத்திலிருந்து தெரிந்ததைச் சொன்னார்கள்.

எனவே பொருந்தாத தாள்களைப் பார்த்ததும் எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் உட்காருவதில்லை. இவளுக்குத் தெரிந்த எது அம்மாவுக்குத் தெரியவில்லை, அம்மாவுக்குத் தெரிந்த எது இவளுக்குத் தெரியவில்லை என்றுதான் தேடுகிறேன். அந்த வித்தியாசத்திலிருந்து கிடைக்கும் செய்தி, ஒற்றைத் தாளிலிருந்து கிடைப்பதில்லை.

எங்க வீட்டுல மட்டுமா இப்படி? நம்ம பிள்ளைங்க எல்லாத்தையும் பெருசு பண்ணி எழுதுதுங்களா?

25 நாடுகளிலும் சமூகங்களிலும் பெற்றோர்–பிள்ளை இணைகளின் தாள்களை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2013-இல் வெளிவந்தது. பிள்ளைகள் தங்களைப் பற்றிச் சொன்ன சிரமங்கள், பெற்றோர் சொன்னதைவிடச் சராசரியில் கூடுதல். ஏதோ ஓர் ஊரில் மட்டும் இல்லை, எல்லா இடத்திலும். பெரிதுபடுத்துவது 'இந்தக் காலத்துப் பிள்ளைகளின்' வழக்கம் என்று சொல்ல இடமில்லை.

ஒரு விதிவிலக்கைச் சொல்ல வேண்டும். மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ பெற்றோரே அழைத்து வரும் பிள்ளைகளிடம் பெரும்பாலும் நிலைமை தலைகீழ். அங்கே பெற்றோர் தாள் நிறைந்திருக்கும், பிள்ளை 'எல்லாம் நல்லாத்தான் இருக்கு' என்று எழுதியிருக்கும். தானாக வருவதும் அழைத்து வரப்படுவதும் ஒன்றில்லையே.

எதுல நாங்க சொல்றதை நம்பலாம், எதுல அவங்க சொல்றதை?

வெளியே தெரிவதில் பெற்றோரும் பிள்ளையும் ஓரளவு ஒத்துப்போவார்கள்: சண்டை, கீழ்ப்படியாமை, பொய், ஓரிடத்தில் உட்காராமை. உள்ளே இருப்பதில் விலகுவார்கள்: கவலை, பயம், சோகம், தன்மேல் வெறுப்பு. கவலையும் சோகமும் பற்றிப் பிள்ளை எழுதியிருந்தால், 'வீட்டில் அப்படித் தெரியவில்லையே' என்ற காரணத்துக்காக மட்டும் அதைத் தள்ளிவிடக் கூடாது. நன்றாகப் படிக்கும், வேளைக்குச் சாப்பிடும், வீட்டில் சத்தமே போடாத பிள்ளைகள் விஷயத்தில்தான் இது அதிகம் தவறிப்போகிறது. அமைதியான பிள்ளையைப் பற்றி யாரும் புகார் சொல்வதில்லை.

கவனச் சிதறல் விஷயத்தில் இது திரும்பிவிடும். எடுத்த வேலையை முடிக்காமல் விடுவது, யோசிக்காமல் செய்துவிடுவது எல்லாம் பிள்ளைக்கு இயல்பாகத் தோன்றும், எழுதாது. பெற்றோரும் வகுப்பாசிரியரும் சொல்வதற்கு அங்கே எடை கூடுதல். ஆசிரியர் தாள் ஏன் தேவை என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில். ஐம்பது பிள்ளைகளுக்கு நடுவில் உங்கள் மகன் எப்படி இருக்கிறான் என்று வீட்டிலிருந்து பார்க்க முடியாது.

வீட்டுல எடுத்ததுக்கெல்லாம் எரிஞ்சு விழறான். தாள்ல சோகமா இருக்குன்னு எழுதியிருக்கான். இதை எப்படி நம்பறது?

நம்பலாம். பெரியவர்களுக்கு மனச்சோர்வு வந்தால் முகம் வாடும், அழுகை வரும் என்று நாம் பழகியிருக்கிறோம். இந்த வயதில் அது எரிச்சலாகவும் வெளிவரும். மனநல மருத்துவர்கள் கையாளும் நோய் வகைப்பாட்டு நூலிலேயே, சிறுவர்களிடமும் வளரிளம் பருவத்தினரிடமும் சோகமான மனநிலைக்குப் பதிலாக எரிச்சல் இருக்கலாம் என்று குறித்திருக்கிறார்கள். பையன்களிடம் இதை நிறையப் பார்க்கிறேன். 'ஆம்பளைப் பிள்ளை அழலாமா' என்று கேட்டு வளர்ந்தவனுக்குக் கோபப்பட மட்டும்தான் அனுமதி.

நீங்கள் நடத்தைப் பகுதியில் குறித்ததும் அவன் உணர்வுப் பகுதியில் குறித்ததும் ஒரே விஷயமாக இருக்க வாய்ப்பு உண்டு. கதவை ஓங்கிச் சாத்துவதை நீங்கள் எழுதினீர்கள். சாத்திய பிறகு உள்ளே என்ன நடந்தது என்று அவன் எழுதினான்.

காலையில ஸ்கூல் கிளம்பும்போது தினமும் வயித்து வலிங்கிறா. ஸ்கேன் எடுத்தாச்சு, ஒண்ணும் இல்ல. நடிக்கிறாளா?

ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றால் வலி இல்லை என்று பொருள் இல்லை. அடிக்கடி தலைவலி, வயிற்றுவலி, குமட்டல் என்பது இந்த வினாத்தாளில் மன உணர்வுப் பகுதியில் வரும் ஐந்து வாக்கியங்களில் ஒன்று. பதற்றம் உடம்பில் வலியாகவே வருகிறது. அது நிஜமான வலி. உள்ளே நடப்பதில் பெற்றோர் கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் இது ஒன்றுதான், அதனால் இதைக் குறித்திருக்கும் பெற்றோர் தாளை நான் கவனமாகப் பார்ப்பேன்.

மருத்துவர் பார்த்துவிட்டார் என்றால் அடுத்து கிழமைகளைக் கவனியுங்கள். ஞாயிற்றுக்கிழமை வலிக்கிறதா? குறிப்பிட்ட பாடம் இருக்கும் நாளில் மட்டும் வலிக்கிறதா? பஸ்ஸில் போகும் நாளில் மட்டுமா? காரணம் பரீட்சையாக இருக்கலாம், கேலியாக இருக்கலாம், கழிப்பறை சரியில்லாததாக இருக்கலாம். சில ஊர்களில் கையில் என்ன நிறத்துக் கயிறு என்று பார்த்துச் சாதி பிரித்து நிற்கும் கூட்டங்களாகவும் இருக்கும். இதையெல்லாம் பிள்ளைகள் வீட்டில் எளிதில் சொல்வதில்லை. சொன்னால் அப்பா பள்ளிக்கு வந்து சண்டை போடுவார், அது இன்னும் மோசமாகும் என்ற பயம்.

எப்பப் பார்த்தாலும் ஃப்ரெண்ட்ஸோடதான் இருக்கான். ஆனா சக வயசுப் பகுதியில அவ்ளோ மார்க் வந்திருக்கே?

அந்தப் பகுதி எத்தனை பேரோடு சுற்றுகிறான் என்று கேட்பதில்லை. ஒரு நல்ல நண்பனாவது இருக்கிறானா, பொதுவாக மற்றவர்களுக்கு இவனைப் பிடிக்கிறதா, மற்றவர்கள் இவனைக் கேலி செய்கிறார்களா, தனியாக இருப்பவனா, தன் வயதினரைவிடப் பெரியவர்களோடு எளிதாகப் பழகுகிறானா. இவைதான் அந்த ஐந்தும்.

கூட்டத்தோடு இருந்துகொண்டே அந்தக் கூட்டத்தின் கேலிப்பொருளாகவும் இருக்க முடியும். பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவது உங்கள் காதில் நட்பாக விழுகிறது. வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து தூக்கிவிட்டதோ, இவனை விட்டுவிட்டு இன்னொரு குரூப் தொடங்கியதோ உங்களுக்குத் தெரிய வழியில்லை. அந்தப் பகுதியில் மகன் கொடுத்த எண் உங்களுடையதைவிடக் கூடுதலாக இருந்தால் 'அதான் இத்தனை பேர் இருக்காங்களே' என்று தொடங்காதீர்கள். 'இவங்கள்ல யார்கூட இருந்தா உனக்கு நிம்மதியா இருக்கும்?' என்று கேளுங்கள்.

நானும் அவங்க அப்பாவும் எழுதினதே வேற வேறயா இருக்கு. அது எப்படி?

அம்மாவும் அப்பாவும் சொல்வது நன்றாகவே பொருந்தும். முன்னே சொன்ன 1987 ஆய்வில் அது ஏறக்குறைய 0.60. ஆனாலும் அதுவும் 1 இல்லை. இரவு ஒன்பது மணிக்கு மேல் வீட்டுக்கு வரும் அப்பாவும், காலையிலிருந்து கூடவே இருக்கும் அம்மாவும் பார்ப்பது ஒரே பிள்ளையின் வேறு வேறு நேரங்கள். அப்பா வெளிநாட்டில் இருந்து வீடியோ காலில் மட்டும் பார்ப்பவர் என்றால் இன்னும் விலகும்.

இன்னொன்றும் உண்டு. எழுதுபவரின் மனநிலை தாளில் இறங்கும். அம்மாவே மனச்சோர்வில் இருக்கும்போது பிள்ளையின் சிரமங்களைக் கூடுதலாகக் குறிக்கும் போக்கு இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. அதை வைத்து அம்மா எழுதியதைத் தள்ளிவிடக் கூடாது. அம்மா சோர்ந்திருக்கும் வீட்டில் பிள்ளைக்கும் உண்மையாகவே சிரமம் கூடியிருக்கலாம். அந்த அம்மாவுக்கும் உதவி வேண்டும் என்பதைத்தான் அது முதலில் சொல்கிறது.

மிஸ், நான் எழுதினதை எங்க அம்மாகிட்ட காட்டுவீங்களா?

உன்னைக் கேட்காமல் தாளைக் காட்ட மாட்டேன். எதைச் சொல்லலாம், எதைச் சொல்ல வேண்டாம் என்று உன்னிடம் கேட்டுவிட்டுத்தான் பேசுவேன். சில சமயம் நீயே சொல்வாய், நான் பக்கத்தில் இருப்பேன்.

இரண்டு இடங்களில் மட்டும் நான் மௌனமாக இருக்க முடியாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் உயிருக்கோ மற்றவர் உயிருக்கோ ஆபத்து என்றால் வீட்டில் சொல்லியாக வேண்டும். யாராவது உன்னிடம் பாலியல் ரீதியாகத் தவறாக நடந்திருந்தால், 2012-இன் போக்சோ சட்டப்படி அதைத் தெரிந்தவர் காவல்துறையிடம் தெரிவித்தே ஆக வேண்டும். அப்போதும் உனக்குத் தெரியாமல் எதையும் செய்ய மாட்டேன்.

எனக்கும் 17, அவளுக்கும் 17. ஒத்துப்போச்சு இல்ல?

எண் ஒன்று, அளவு வேறு. தொடக்கத்தில் பிரிட்டனில் வகுத்த எல்லைகளின்படி பெற்றோர் தாளில் 13 வரை இயல்பு, 14 முதல் 16 வரை எல்லைக்கோடு, 17-உம் அதற்கு மேலும் கவனிக்க வேண்டியது. பிள்ளை நிரப்பும் தாளில் 15 வரை இயல்பு, 16 முதல் 19 வரை எல்லைக்கோடு, 20-உம் அதற்கு மேலும் கவனிக்க வேண்டியது. பிள்ளைகள் பொதுவாகவே கூடுதலாகக் குறிப்பார்கள் என்று பார்த்தோம் அல்லவா, அதனால்தான் அவர்களுக்கு எல்லை மேலே இருக்கிறது. நீங்கள் கொடுத்த 17 கவனிக்க வேண்டிய வரிசையில் வரும். அவள் கொடுத்த 17 எல்லைக்கோட்டில் நிற்கும்.

மொத்தம் ஒன்றாக இருந்தாலும் உள்ளே பிரித்துப் பாருங்கள். உங்களுடைய 17-இல் பாதி நடத்தையிலும், அவளுடைய 17-இல் பாதி மன உணர்விலும் வந்திருக்கலாம். அப்படியானால் நீங்கள் இருவரும் பேசுவது ஒரே சிரமத்தைப் பற்றியே இல்லை. இந்த எல்லைகள் பிரிட்டிஷ் பிள்ளைகளை வைத்துப் போட்டவை என்பதால், ஓர் எண் கூடியதற்கும் குறைந்ததற்கும் நான் பெரிய முக்கியத்துவம் தருவதில்லை.

ரெண்டு தாள்லயும் ஒண்ணும் பெருசா இல்ல. அப்போ நிம்மதியா இருக்கலாமா?

பெரும்பாலும், ஆமாம். ஆனால் இந்த 25 வாக்கியங்களில் இல்லாதவையும் உண்டு. தற்கொலை எண்ணம் பற்றி ஒரு வாக்கியம்கூடக் கிடையாது. தன்னைத்தானே கீறிக்கொள்வது, போதைப் பழக்கம், சாப்பாட்டை வெறுப்பது எதுவும் இல்லை. பிள்ளை பேசும் விதத்தில் உங்களுக்கு ஏதோ உறுத்தினால் தாளில் எண் குறைவு என்று விட்டுவிடாதீர்கள்.

சாகணும்னு தோணுதான்னு கேட்டா, நாமே அந்த எண்ணத்தைக் கொடுத்த மாதிரி ஆகாதா?

ஆகாது. நியூயார்க் மாநிலத்துப் பள்ளிகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் செய்த ஆய்வு 2005-இல் வெளிவந்தது. தற்கொலை பற்றிய கேள்விகளைக் கேட்டதால் மாணவர்களின் மனவேதனையோ அந்த எண்ணமோ கூடவில்லை. கேட்காமல் விடுவதில்தான் ஆபத்து. அமெரிக்காவில் 11 முதல் 17 வயது வரையிலான ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளையும் அவர்களுடைய பெற்றோரையும் தனித்தனியாகக் கேட்ட ஆய்வு 2019-இல் வந்தது. தன்னை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்ததாகச் சொன்ன பிள்ளைகளின் பெற்றோரில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது தெரியவே தெரியாது. மறுபக்கமும் அப்படித்தான்: பிள்ளைக்கு அந்த எண்ணம் இருந்ததாகப் பெற்றோர் சொன்ன இடங்களில் ஏறக்குறைய பாதிப் பிள்ளைகள் இல்லை என்று மறுத்தார்கள்.

எனவே இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன். இருவரில் யார் சொன்னாலும் அன்றைக்கே எடுத்துக்கொள்ள வேண்டும். நேரடியாக, பதறாமல் கேளுங்கள். 'ஆமாம்' என்றால் தனியாக விடாதீர்கள், மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்துங்கள், மருத்துவரிடம் அழைத்துப்போங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, இந்தியா முழுக்க, எந்த நேரமும், இலவசம். தமிழிலும் பேசலாம். பிள்ளைகள் தாங்களாகவே குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கும் கூப்பிடலாம். இலங்கையில் மனநல உதவிக்கு 1926.

அம்மாதான் என்னைப் பத்தி அத்தனை எழுதியிருக்காங்க. எனக்கு ஒண்ணும் இல்ல. ஏன் மிஸ் என்னை உட்கார வைக்கிறீங்க?

உனக்கு வியாதி என்று யாரும் முடிவு செய்யவில்லை. அம்மா எழுதியதில் நீ ஒத்துக்கொள்ளும் ஒரே ஒரு வரி இருந்தால் அதை மட்டும் காட்டு, அதிலிருந்து பேசலாம். ஒன்றுமே இல்லை என்றால் அம்மா ஏன் அப்படிப் பார்க்கிறார் என்று நீ நினைப்பதைச் சொல். வினாத்தாளின் பின்பக்கத்தில், இந்தச் சிரமங்கள் வீட்டு வாழ்க்கையை, நட்பை, படிப்பை, ஓய்வு நேரத்தை எவ்வளவு பாதிக்கின்றன என்று கேட்கும் பகுதி உண்டு. பெயர் வைத்துக்கொண்டு சண்டை போடுவதைவிட அதிலிருந்து தொடங்குவது இருவருக்கும் எளிது. 'போனை வெச்சு தினமும் சண்டை, வீட்டுல இருக்கவே பிடிக்கல' என்று அதில் எழுத உனக்குத் தடையில்லை.

வித்தியாசம் ரொம்பப் பெருசா இருந்தா அதுவே ஒரு பிரச்சினையா?

பொருந்தாமல் இருப்பது இயல்பு என்றுதான் இதுவரை சொன்னேன். ஆனால் இடைவெளி மிகப் பெரிதாக இருந்தால் அதைத் தனியாகக் குறித்துக்கொள்வேன். நெதர்லாந்தில் 15 முதல் 18 வயதுப் பிள்ளைகளை நான்கு வருடங்கள் பின்தொடர்ந்த ஆய்வு 2004-இல் வந்தது. பெற்றோரும் பிள்ளையும் சொன்னதில் இருந்த முரண், பின்னால் சில மோசமான விளைவுகள் வரக்கூடும் என்பதற்கு முன்னறிகுறியாக இருந்தது.

இதில் என் கருத்து: பிள்ளை 'நிச்சயமாக உண்மை' என்று வரிசையாகக் குறித்த பகுதியில் பெற்றோர் வரிசையாக 'உண்மையில்லை' என்று குறித்திருந்தால், அந்தப் பிள்ளை எதையோ தனியாகத் தூக்கிக்கொண்டு திரிகிறது. அவர்களைத்தான் நான் முதலில் கூப்பிடுவேன், மொத்த எண் எல்லைக்குள் இருந்தாலும்.

சரி, வீட்டுல இதை எப்படிப் பேசறது?

எண்ணை வைத்துப் பேசாதீர்கள். 'நீ ஏன் அப்படி எழுதினே' என்பது விசாரணை. 'எனக்குத் தெரியாம ஏதோ இருக்குன்னு புரியுது, சொல்லணும்னு தோணும்போது சொல்லு' என்பது போதும். எதிரெதிரே உட்கார வைத்துக் கேட்பதைவிட, வண்டியில் போகும்போதும் துணி மடிக்கும்போதும் அதிகம் வெளிவரும். சொல்லத் தொடங்கினால் நடுவில் தீர்வு சொல்லாதீர்கள். பெரியம்மா, சித்தப்பா, பக்கத்து வீடு என்று அந்தச் செய்தி போய்விட்டால் அடுத்த தாளில் எல்லாமே 'உண்மையில்லை' என்றுதான் வரும்.

மறுபடி எப்போ நிரப்பணும்? அப்பவாவது ரெண்டும் ஒத்துப்போகணுமா?

முதல் தாள் ஆறு மாதத்தைக் கேட்கிறது, அதனால் இரண்டு வாரத்தில் அதையே திரும்ப நிரப்புவதில் பயனில்லை. உதவி தொடங்கிய பிறகு நிலைமையைப் பார்க்கக் கடந்த ஒரு மாதத்தைக் கேட்கும் தொடர் தாள் இருக்கிறது, அதைக் கொடுப்போம்.

ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் இல்லை. இரண்டாவது முறை பெற்றோர் எண் கூடினால் பல பேர் பதறுகிறார்கள். முதல் முறை கண்ணில் படாதது இப்போது படத் தொடங்கியிருக்கலாம், பிள்ளை சொல்லத் தொடங்கியிருக்கலாம். அதே சமயம் பிள்ளையின் எண் குறைந்து, பள்ளிக்கு வருவதும் தூங்குவதும் சீராகியிருந்தால், அதை நல்ல மாற்றமாகவே எடுத்துக்கொள்வேன். பிள்ளையின் எண்ணும் சேர்ந்து கூடினால் காத்திருக்காமல் மனநல மருத்துவரிடம் அனுப்புவேன். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. பதினெட்டு வயது ஆகாத பிள்ளைக்குச் சிகிச்சை தொடங்கப் பெற்றோரின் சம்மதம் வேண்டும், எனவே கூட யாராவது ஒருவர் போயாக வேண்டும். இரண்டு தாள்களையும் எடுத்துப் போங்கள். பிள்ளையின் தாளைக் கொண்டுபோகலாமா என்று அவளிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.